தாழ்ப்பாள் வெளியே இருந்த அறை

நம்பினால் நம்புங்கள். பட்டப்பகலில், கையில் கடிகாரத்தோடு நான் பட்ட பாடு இது.

பழைய அரண்மனை ஒன்றை ஓட்டலாக்கப் போகிறார்கள். அறைகளை அளந்து வரைபடம் போடுவது என் வேலை. அப்போது எனக்கு ஏழாம் மாதம். அந்த வம்சத்தில் மிச்சமிருந்த பெரியவரை எல்லோரும் சின்ன ராஜா என்பார்கள். அவரே சுற்றிக் காட்டினார். கூடத்தில் ஏழு தலைமுறை ஆண்களின் படங்கள். ராணி படம் ஒன்றுகூட இல்லை.

"அவங்க பேராவது தெரியுமாங்க?"

"பேரு எதுக்கும்மா? மூத்தவங்க, இளையவங்கன்னு கூப்பிடுவோம். பூ மாதிரி வச்சிருந்தோம்."

மீசையை நீவிக்கொண்டே சொன்னார்.

அந்தப்புரத்தின் கடைசி அறை. ஜன்னல் இல்லை. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். பூவுக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று நினைத்தபடி உள்ளே போனேன். அவர் சாப்பிடப் போய்விட்டார்.

மணி 2.40. டேப்பை விரித்தேன். சுவரில் முழங்கால் உயரத்தில் நகக் கீறல்கள். வரிசை வரிசையாக.

2.47. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டக்... தாழ்ப்பாள்.

"யாருங்க அது? உள்ள ஆள் இருக்கேன்! திறங்க!"

செல்போனில் சிக்னல் இல்லை. இருட்டில் ஒரு வாடை எழுந்தது. புளித்த பால்... பழைய ரத்தம்... மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

2.55. தரையில் ஏதோ இழுபட்டது.

ஸ்ஸ்ர்... ஸ்ஸ்ர்...

என் காலடியில் நின்றது.

வயிற்றில் ஒரு கை. சில்லென்று. ஈரமாக.

"பையன்னு சொல்லு..."

வறண்ட குரல். காதோரம்.

"சத்தமா சொல்லு... திறப்பாங்க..."

குழந்தை உதைத்தது.

"பையன்!" கத்தினேன். "பையன்தான்!"

டக்.

கதவு திறந்தது.

வெளியே... யாருமில்லை.

விழுந்தடித்து முற்றத்துக்கு ஓடினேன். சின்ன ராஜா கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பையனா? சந்தோஷம்மா!"

"அதுக்கு முன்னாடி திறங்கன்னு கத்தினேனே... கேட்கலையா?"

"கேட்டுச்சு."

சிரித்தார். நான் அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அங்கே துணி துவைக்கும் அம்மாதான் என்னைத் தாங்கி வாசலுக்குக் கூட்டிவந்தார். அவருடைய பாட்டி காலத்திலிருந்து அங்கே வேலை. நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"அது பிரசவ அறைம்மா. ஆண் பிறந்தாத்தான் கதவைத் திறப்பாங்க. கடைசி ராணிக்கு மூணாவதும் பொண்ணு. உசுருக்குப் பயந்து, பையன்னு கத்தினாங்களாம்."

"திறந்தாங்களா?"

"திறந்தாங்க. குழந்தையோட துணியை விலக்கிப் பார்த்தாங்க..."

திரும்பி அந்தப்புரத்தைப் பார்த்தார்.

"மறுபடியும் சாத்திட்டாங்க. அப்புறம் ஒரு மாசம் திறக்கவே இல்ல."