சட்டத்தில் கட்டிய ஆர்கண்டித் துணி

அந்த மரச்சட்டம் என் மேசைக்கு வருமுன்பே நான் பௌதிகப் பட்டதாரி. போர்ட் பிளேரில் அரசுப் படகுகளின் வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் பொறுப்பாளன். நான் பார்த்து அனுப்பிய கருவி பழுதாகித் திரும்பாது என்ற பெயர் எனக்கிருந்தது. பின்னால் பேசப்பட்டவற்றை எடைபோட இது தெரிந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். மெயின்லேண்டிலிருந்து உதிரிகள் வரத் தாமதமானதால் சர்க்யூட் பலகைகளை நாங்களே அச்சிட்டோம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலையில் கோடுகளுக்கு மட்டும் வழி விட்டு மற்ற இடத்தை அடைத்திருப்போம். அதன் வழியே செம்புத் தகட்டில் மை இறங்கும். மை படாத செம்பை அமிலம் தின்றுவிடும். வலை விறைப்பாக நின்றால் கோடு சுத்தமாக விழும். தொய்ந்தால் மை பரவி, இரு கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மயிரிழையாகிவிடும்.

ஒரு மழைக்காலத்தில், வெளித்தீவு ஒன்றுக்கு அரிசி கொண்டுபோகும் படகின் கருவிக்குப் பலகை அச்சிட வேண்டிய நேரத்தில், வலை கிழிந்தது. தூத்துக்குடிக்காரரான எங்கள் ஃபோர்மேன் கடைத்தெருவில் ஆர்கண்டி என்னும் மெல்லிய பருத்தித் துணி வாங்கிச் சட்டத்தில் கட்டினார். தீவில் துணிமணி பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் பல்பு எரியவிடுவது வழக்கம். சட்டத்தையும் அப்படியே காயவைத்தார். உள்ளே முரசுத்தோல்போல் நின்ற பருத்தி, வெளியே எடுத்து மை தடவுவதற்குள் ஈரக்காற்றைக் குடித்துத் தொய்ந்தது.

"நைலான் வரட்டும்" என்றேன்.

"கப்பல் வார வரைக்கும் படகு சும்மா கெடக்குமா சார்? அந்தத் தீவுக்காரன் அரிசிக்கு எங்க போவான்? சலேகா சார்."

இதுவே போதும் என்பதற்கு, தீவில் எல்லா மொழிக்காரரும் சொல்லும் இந்திச் சொல் அது.

அந்தப் படகின் டிரைவர் அவருடைய தங்கை கணவர். கருவியை வாங்க வந்தவர் சட்டத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மச்சான், எம் பொண்டாட்டி சேலையக் கிழிச்சா ரேடியோ செய்யுத?"

"பேசாம கொண்டு போ மாப்ள. நடுக்கடல்ல நின்னு நீ கத்துனா நாந்தான கேக்கணும்."

அந்தத் துணியில் அச்சிட்ட பலகையை, கொடுத்தனுப்புமுன் மீட்டர் வைத்து நானே சோதித்திருந்தேன். கோடுகள் தனித்தனியாகவே இருந்தன. மேசைமேல் அதற்கு மேல் எந்த மீட்டரும் சொல்லாது.

வழியில் படகின் எஞ்சின் நின்றிருக்கிறது. எங்களுக்கு எந்தக் குரலும் வரவில்லை. ஃபோர்மேன் பட்டறை ரிசீவர் முன்னால் உட்கார்ந்து, "பேசு மாப்ள" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். பல நாள் கழித்துப் படகு ஆளில்லாமல் ஒரு தீவுக் கரையில் ஒதுங்கியது. கருவியைத் திறந்தோம். உப்பு ஈரமேறி, மயிரிழை இடைவெளியில் பச்சைக் களிம்பு பூத்து இரு கோடுகளையும் சேர்த்திருந்தது. ஃபோர்மேன் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அடுத்த கப்பலில் நைலான் வந்தபோது அதைப் பிரிக்க அவர் பட்டறையில் இல்லை; வேலையை விட்டிருந்தார்.

மரைன் ஹில்லில் என் வீட்டு அலமாரிக்குள் இன்றும் பல்பு எரிகிறது. அந்தச் சட்டம் அங்கே இருக்கிறது. துணி விறைப்பாகவே இருக்கிறது. படகைப் புயல் கொண்டுபோனதாக லம்பா லைன் பகுதியில் ஃபோர்மேனின் உறவினர்கள் சொல்லிவருகிறார்கள். அது தவறு. அந்த நாட்களில் மழை பெய்தது, காற்று இல்லை. கடல் அமைதியாக இருந்தது.