கம்பவுண்டருக்குப் பிரஷர்

டாக்டர் எழுதியதை நோயாளிக்குச் சொல்வதும், நோயாளி சொல்வதைத் தலையெழுத்தே என்று கேட்டுக்கொள்வதும்தான் கம்பவுண்டர் வேலை. மருந்து ஜன்னலோ, ரேஷன் ஜன்னலோ, டிக்கெட் ஜன்னலோ, ஏதாவது ஒரு ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து காலம் தள்ளும் அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என்னிடம் இருந்த பொறுமை எழுபதுகளிலேயே தீர்ந்துவிட்டது.

அப்போது புதுச்சேரியில் பாகூர் பக்கத்தில் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு நாள் புதிதாகப் பிரஷர் கருவி வந்து இறங்கியது. அதைச் சோதித்துப் பார்க்க டாக்டரம்மாவுக்கு ஒரு கை தேவைப்பட்டது. பக்கத்தில் இருந்த கை என்னுடையது. நூற்று எழுபது காட்டியது. கருவியில்தான் கோளாறு என்றேன். அவர் கருவியின் பட்டையைத் தன் கையில் சுற்றிப் பார்த்தார். நூற்றுப் பத்து.

"கத்தறதைக் குறைங்க. மாத்திரை தரேன். ஒரு மாசம் பார்ப்பேன். இறங்கலேன்னா இந்த ஜன்னல் வேலை உங்களுக்கு வேணாம், டவுன்ல மருந்து ஸ்டோருக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்" என்றார்.

நான் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே வீடு கட்டிக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவிக்கு உள்ளூர்ப் பள்ளியில் டீச்சர் வேலை. ஸ்டோருக்கு மாற்றினால் தினமும் இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வர வேண்டும். மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கோபம் வந்தால் ஒன்றிலிருந்து பத்து வரை மெதுவாக எண்ண வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார். இதையே பிரஷர் நோயாளிகளுக்கும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அவர்களுக்குப் பிரஷர் பார்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒரே வீட்டுச் சோறு

மறுநாளே சேலியமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. "உங்களுக்குப் பிரஷரே இல்லையே" என்றேன். "எனக்கு எதுக்கு இருக்குது? பிரஷரு எம் பொண்டாட்டிக்கு" என்றார். அவள் எங்கே என்றேன். நடவுக்குப் போயிருக்கிறாளாம்.

ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். அவள் பிரஷரை அவள் கையில்தான் பார்க்க முடியும் என்று ஏழாவது எண்ணில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவருக்கு வருத்தம் வந்துவிட்டது. சட்டையை உதறிப் போட்டுக்கொண்டே கேட்டார்: "இருவது வருசமா ஒரே வூட்ல ஒரே சோத்தைத் துன்றோம். என் கையில தெரியாதது அவ கையில இன்னா தெரிஞ்சிடப் போவுது?"

தூக்க மிக்சர்

அந்தக் காலத்தில் மிக்சருக்குப் பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்தப் பாட்டில் அதிகம் கிடைக்கும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படபடப்பு, தூக்கமில்லை என்று வந்த ஓர் அம்மாள் பிராந்தி பாட்டிலை நீட்டினார். எட்டு வேளைக்கான மிக்சரை ஊற்றி, வேளைக்கு ஒரு கோடு தெரியும்படி காகிதத்தை வெட்டி ஒட்டி, ஒரு வேளைக்கு ஒரு கோடு என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலிப் பாட்டிலோடு வந்து நின்றார். கரும்பு வண்டி ஓட்டும் அவர் வீட்டுக்காரர், பாட்டிலைப் பார்த்ததும் வேறு ஏதோ என்று நினைத்து எட்டுக் கோட்டையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டாராம். எண்ணுவதாவது ஒன்றாவது! "ஆள் எப்படிம்மா இருக்கிறார்?" என்று கத்தினேன். அந்த அம்மாள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "ரெண்டு நாளு எழுந்துக்கவே இல்ல, இப்பதான் எழுந்து கஞ்சி குடிச்சாரு. அந்த ரெண்டு நாளும் நான் நிம்மதியாத் தூங்கனேன். எனக்கு வோணாம், அதே மருந்தை அவருக்கே எழுதிக் குடுங்க."

சொல்தாவின் படபடப்பு

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா என்று பெயர்; ஊரில் அவரையும் அப்படியே கூப்பிடுவார்கள். மடிப்புக் கலையாத கால்சட்டையோடு வருவார். ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் அவருக்குப் பிரஷர் எகிறியிருக்கும். சுருட்டைக் கேட்டேன், விட்டுவிட்டேன் என்றார். உப்பைக் கேட்டேன், குறைத்துவிட்டேன் என்றார். வீட்டில் ஏதும் கவலையா என்றேன், இல்லை என்றார். இப்படி நான் கேட்டுக்கொண்டே போக, என் குரல் வரிசையின் கடைசி வரை போய்விட்டது.

மனுஷர் பொறுமையாக எழுந்தார். ஐயா என்பதற்கு அவர் முசே என்பார். "முசே, எம் மேல குண்டு வுழுந்தப்பகூட எனக்குப் படபடப்பு வந்ததில்ல. இந்த ஜன்னலை நீங்க தொறக்கற சத்தம் கேட்டாத்தான் வருது."

முந்தானை முடிச்சு

மணப்பட்டிலிருந்து மீன் விற்க வரும் பச்சையம்மா, கூடை காலியானதும் ஆஸ்பத்திரிக்கு வருவார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வாரம் தவறாமல் மாத்திரை வாங்குவார், வாரம் தவறாமல் பிரஷர் ஏறியே இருக்கும். ஒரு நாள் பஸ் டிக்கெட்டைத் தேடி முந்தானையை அவிழ்த்தார். நான் கொடுத்த மாத்திரைகள் அத்தனையும் அதில் இருந்தன. "தலை சுத்தறப்ப முழுங்கலாம்னு வெச்சிருக்கேன்" என்றார்.

நாலு வரைதான் எண்ணினேன். "முந்தானையில முடிஞ்சு வெச்சா பிரஷர் இறங்குமா?" என்று போட்ட சத்தத்தில் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். விடவில்லை. தண்ணீரைக் கொடுத்து அங்கேயே ஒன்றை விழுங்கச் சொன்னேன். வாயைத் திறக்க வைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லியும் பார்த்தேன். பச்சையம்மா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மாடு வாங்க வரவன்கூட இப்பிடிப் பாக்க மாட்டான்யா."

ஒரு மாதம் முடிந்தது

கெடு நாள் வந்தது. டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றினார். அடுத்த ஆளாகப் பச்சையம்மா கூடையோடு நின்றுகொண்டிருந்தார். நூற்று எண்பது. ஏறியிருக்கிறது! "ஸ்டோருக்கு மாத்தச் சொல்லி எழுதிடறேன்" என்று டாக்டரம்மா காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். வீடும் மனைவியும் இரண்டு பஸ்ஸும் என் கண் முன்னால் வந்தன. வியர்வையைத் துடைக்கப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தேன். கூடவே அந்தப் பொட்டலமும் வந்து விழுந்து அவிழ்ந்தது. ஒன்று விடாமல் அத்தனை மாத்திரையும் தரையில் உருண்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோபம் ரொம்ப முற்றினால் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் வைத்திருந்தேன். மாத்திரை என்பது ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு என்று எனக்கு ஓர் எண்ணம். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

பச்சையம்மா குனிந்து மாத்திரைகளைப் பொறுக்கினார். "இவர மாத்திடாதீங்கம்மா. இவரு கத்தறதுக்குப் பயந்துகினுதான் நான் இப்ப ஒழுங்கா முழுங்கறேன். எனக்கு எறங்கிடுச்சா இல்லியா, நீங்களே பாருங்க" என்றார். டாக்டரம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றினார். இறங்கித்தான் இருந்தது. எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டு, "இன்னும் ஒரு மாசம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் பச்சையம்மா ஒரு மாத்திரையையும் தண்ணீர் டம்ளரையும் என் கையில் திணித்தார். விழுங்கினேன். அவர் நகரவில்லை. "இன்னா முழிக்கற கம்பவுண்டரே? வாயைத் தொற, நாக்கைத் தூக்கு."

இத்தனை வருஷம் ஜன்னலுக்குள் உட்கார்ந்து மன அமைதியைப் பற்றி நான் கற்றுக்கொண்டது, முதலில் மாத்திரையை விழுங்கிவிட்டு அப்புறம் கத்த வேண்டும் என்பது மட்டும்தான்.