பேனாவில் எழுதிய பாலம்

எங்கள் அறையில் அவருக்குப் பெயர் செய்தி அண்ணன். ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது பிழைப்பு. விட்டுவந்த ஊரில் நடக்கும் சண்டையைப் பின்தொடர்வதுதான் உண்மையான உத்தியோகம். வேலை முடிந்து வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொள்வார். பிறகு டயரி. அந்த நேரத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பார். பக்கத்துக் கட்டில் என்பதால் முறைப்பில் பெரும்பங்கு எனக்கு.

டயரிக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு வாய் சொன்ன செய்தி பென்சிலில். அதையே இன்னொரு வாயும் சொன்னால், அதன் மேல் பேனா. "ரெண்டு பேர் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டாங்கடா" என்பார். எங்கள் முதலாளியையும் மேனேஜரையும் தினமும் பார்த்துக்கொண்டே இதைச் சொன்ன மனிதர்.

அவருடைய அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் சண்டைக்கு நடுவில்தான் இருந்தார்கள். அங்கே கரண்ட் இல்லை, ரேடியோவுக்கு பேட்டரியும் கிடைப்பதில்லை. அத்தான் கடையில் போன் மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது. குண்டு விழும் ஊரிலிருந்து அக்கா இவரிடம் கேட்பார், "இங்க என்னடா நிலவரம்?" இவர் டயரியைப் புரட்டிப் பதில் சொல்வார். கூத்துதான். ஆனால் அந்தப் பதிலை நம்பித்தான் அவர்கள் வாசலைத் தாண்டினார்கள்.

கொஞ்ச நாளாக அக்காவுக்கு ஒரே கேள்வி. ஆற்றுப் பாலம் திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் பிள்ளைகளோடு அக்கரைக்குத் தப்பிவிடலாம். வழியெல்லாம் ஆபத்து, சும்மா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது.

சலவை வண்டி டிரைவரும் அந்தப் பக்கத்துக்காரர். பாலம் திறந்துவிட்டதாக யாரோ சொன்னதாகச் சொன்னார். செய்தி அண்ணன் பென்சிலில் எழுதினார். அக்காவிடமும் சொன்னார். "ஒருத்தர்தான் சொல்லிருக்காரு. பொறுக்கா, இன்னொரு வாய் வரட்டும்."

மறுநாள் மாலை ரேடியோவிலேயே வந்துவிட்டது. பாலம் திறந்திருப்பதாக அப்பகுதிக் கடைக்காரர் ஒருவர் தெரிவித்தாராம். பேனாவால் அழுத்தி எழுதிவிட்டுப் போனை எடுத்தார்.

"ரேடியோவுலயே சொல்லிட்டான்க்கா. விடிஞ்சதும் கிளம்பு."

அடுத்த நாள் அவர் கூப்பிட்டபோது அத்தான் எடுத்தார். "அவ புள்ளைங்களோட காலையிலயே போய்ட்டா மச்சான். நான் கடையைப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஆமா, ரேடியோவுல என்னைப் பத்திச் சொன்னாங்களா?"

"உங்களைப் பத்தியா?"

"அந்தக் கடைக்காரனே நான்தானே! ரேடியோக்காரங்க போன் பண்ணி, பாலம் எப்படின்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? நீ சொன்னதைச் சொன்னேன்."

செய்தி அண்ணன் போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். என்னவென்று கேட்டேன்.

"ரெண்டாவது வாயும் என் வாய்தான்டா" என்றார்.

அன்று அவர் ரேடியோவைத் தொடவில்லை, சாப்பிடவும் இல்லை.

அதற்கடுத்த நாள் அக்காவே கூப்பிட்டார். பாலம் திறக்கவே இல்லை. வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதுங்கிக் கிடந்து, சின்னவளுக்குக் காலில் அடிபட்டு, வீடு திரும்பியிருந்தார்கள். அவர் தம்பியைத் திட்டவில்லை.

"சரி விடு, உசுரோட வந்துட்டோம். இப்ப என்னடா நிலவரம்? இங்கயே இருக்கவா, வேற வழி பாக்கவா?"

டயரி மடியில் திறந்தே கிடந்தது. அதை மூடினார்.

"எனக்குத் தெரியலைக்கா."

அக்கா சொன்னது என் கட்டில்வரை கேட்டது.

"அப்படிச் சொல்லாதடா. ஏதாவது சொல்லு."