முடி வளர்வதற்குள்

அப்பாவின் நெஞ்சு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா ஆய்க்குடி முருகனிடம் நேர்ந்திருந்தாள். என் தலையாயிற்றே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இடுப்பைத் தொட்ட முடி போனது. பல நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தலை முள்முள்ளாக முளைத்திருந்தபோது, கோவையில் வேலை பார்க்கும் தம்பியின் சட்டை பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, அவன் பைக்கில் தென்காசிக்கு மருந்து வாங்கப் போனேன். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் கடைக்காரர். நான் திருத்தவில்லை, தள்ளி நின்றேன்.

அதன்பின் எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. அப்பா படுக்கையில் இருந்தார். மருந்துக்கு என்று சொல்லி, பின்கட்டில் உடை மாற்றி, ஹெல்மெட்டோடு குற்றாலம் போய்விடுவேன். அருவிப் பக்கம் தலை காட்ட முடியாது. ஆண்கள் பக்கம் நான் போக முடியாது, பெண்கள் பக்கம் போலீஸ் விரட்டும். ஐந்தருவி ரோட்டில் ஒரு டீக்கடை இருந்தது. வாயைத் திறக்காமல் விரலைக் காட்டி டீ வாங்கி, பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பெண் ரோட்டோரம் சும்மா இருந்தால் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று பார்ப்பார்கள். அங்கே என்னை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் முடி வளர்ந்தது. வரனும் பார்க்கத் தொடங்கினார்கள். அம்மா தினமும் கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்ப்பாள். நான் குளியலறையில் தம்பியின் ட்ரிம்மரால் ஒட்ட வெட்டிவிடுவேன்.

"என்னட்டி, வளரவே மாட்டேங்கு?" என்று புலம்புவாள். பிடிபட்டால் பைக் சாவியும் அந்த பெஞ்சும் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா தனியாக ஆய்க்குடிக்குப் போய்விட்டு வந்து, தலையில் போட்டிருந்த முந்தானையை இறக்கினாள். மொட்டை.

"ஒனக்கு முடி வளரணும்னு நேந்துகிட்டேன்."

"வளந்த பெறவுதானம்மா போடணும்?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா நெகிழ்ந்துபோனார். எனக்கோ அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

அடுத்த வாரம் மாமா அப்பாவைச் செக்கப்புக்குத் திருநெல்வேலி கூட்டிப்போனார். நான் உடை மாற்றிப் பைக்கை வெளியே எடுத்தபோது, அப்பாவின் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அம்மா பின்வாசலில் நின்றாள். மூக்குத்தியைக் காணோம்.

"தாலியச் சட்டைக்குள்ள போட்டா வெளிய தெரியாதுல்லா?"

சாயப்போன பைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே அந்த மிஷினைக் கழுவி வையிட்டி. முடியெல்லாம் அதுலதான் கெடக்கு" என்றபடி பின்னால் ஏறி, பழக்கத்தில் ஒருபக்கமாகக் காலைத் தொங்கப் போட்டாள்.

"ரெண்டு பக்கமும் போடும்மா."

இறங்கி, வேட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினாள். மேலகரம் தாண்டும்வரை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அண்ணாச்சிக்கு?" என்றார் டீக்கடைக்காரர். அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஒரு விரலைக் காட்டினாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் குடிக்காமல் போகிற வருகிற பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தடவியபடி என் காதருகே குனிந்தாள்.

"எனக்கு வளர எம்புட்டு நாளாகும்ட்டி?"

"ட்ரிம்மர் இருக்கும்மா" என்றேன்.