குளிராத காரும் பம்பரக்காவும்

அவளுக்கு உட்காரத் தெரியாது என்று ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லோரும் சொல்வார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. ஸ்கூட்டரின் முன்னால் ஐஸ் பெட்டி, தோளில் ஊசிப் பை. யாராவது நாற்காலி போட்டால் நுனியில் தொற்றிக்கொண்டு காலை ஆட்டுவாள். காபி கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். பம்பரம் என்று யார் முதலில் கூப்பிட்டார்களோ தெரியாது. அவளைவிட மூத்தவர்கள்கூட இப்போது பம்பரக்கா என்றுதான் அழைக்கிறார்கள்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். தம்பி கார் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். சாலை விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டதில் நெஞ்சுக்குக் கீழே உணர்வு போய்விட்டது. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கைகளால் அதன்பிறகு ஒரு ஸ்பேனரைக்கூட அவன் தொடவில்லை. பட்டறையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டான். கார் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வாசலில் தூசி படிந்து கிடந்த அவனுடைய பழைய காரை, நாற்பதைத் தாண்டிய வயதில் அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவனை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப் போக வேறு வழி இல்லை.

உணர்வில்லாத இடத்தில் வேர்க்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு வெயில் என்றால் வேர்வை. இவனுக்கு உடம்புச் சூடு உள்ளேயே தங்கிவிடும். அதனால் கார் ஏசி அவர்களுக்குச் சொகுசு இல்லை.

அது ஒரு நடுப்பகலில் காலை வாரியது. சிக்னலில் வரிசையாக வண்டிகள் நின்றுகொண்டிருந்தபோது, காற்று வந்துகொண்டே இருந்தது, ஆனால் அடுப்படிக் காற்று மாதிரி வந்தது. கண்ணாடியை இறக்கினால் வெளியே அதைவிட அனல். பின்னால் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் முகம் சிவந்து, கண்கள் சொருகிக்கொண்டிருந்தன. ஹாரன்களைக் காதில் வாங்காமல் வண்டியை ஓரங்கட்டி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவன் தலையிலும் சட்டையிலும் கொட்டினாள். துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் சுற்றினாள். அவன் கண்ணைத் திறக்கும்வரை கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாளே வண்டியைக் கூட்டாளியிடம் கொண்டுபோனாள். அவன் நல்லவன்தான், வேலையிலும் குறை சொல்ல முடியாது. கேஸ் கொஞ்சம் குறைந்திருந்ததாகச் சொல்லி நிரப்பினான். பட்டறையிலிருந்து வீடுவரை சில்லென்றுதான் வந்தது. ஆனால் அடுத்த முறை சிகிச்சைக்குக் கிளம்பியபோது, தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி அனல். வண்டியைத் திருப்பினாள். வீட்டுக்கு வந்ததும் தம்பி, இனி எங்கேயும் வரமாட்டேன், பயிற்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டாளி இன்னும் இரண்டு முறை பார்த்தான். கம்ப்ரெஸர் ஓடுகிறது, முன்னால் விசிறி சுற்றுகிறது, கேஸ் ஒழுகவில்லை. அவன் முன்னால் ஓட்டிக் காட்டினால் குளிரும். வீட்டுக்கு வந்தால் காலை வாரும். ரத்தம் எடுக்கப் போன வீட்டில் கார் நின்றால் அவள் அந்த வீட்டுக்காரரிடமே ஏசி எப்படி என்று விசாரித்தாள். பயிற்சி நின்ற தம்பியின் கால்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. தினமும் அவற்றை மடக்கி நீட்டும்போது அது அவள் கைக்குத் தெரிந்தது.

ஒரு விடுமுறை நாள். துணியைப் பாதி காயப்போட்டுவிட்டு, அவள் பாட்டுக்குப் போய்க் காரின் பானெட்டைத் திறந்தாள். எஞ்சினை ஓடவிட்டாள். எங்கே எதைப் பார்ப்பது என்று ஒன்றும் புரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், தொட்டுப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரல் நுனியால் தேடிப் பிடிப்பவள் அவள். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ளே நுழையும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். தடித்த குழாய் ஒன்று ஜில்லென்று இருந்தது. நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தது. காருக்குள்ளே போய்க் கையை நீட்டினால் காற்று சுட்டது. குழாய் குளிர்கிறது, காற்று குளிரவில்லை. நடுவில் என்ன நடக்கிறது? எரிச்சலோடு குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். டேஷ்போர்டுக்குப் பின்னால் பல்லி கத்துவதுபோல் டக் டக் என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி திருப்பினாள். மறுபடி டக் டக்.

தம்பி படுத்திருந்த அறையின் ஜன்னல் வாசலைப் பார்த்துத் திறந்திருந்தது.

"அதைத் திருப்பாத. சக்கரத்துப் பல்லு இன்னும் தேஞ்சு போயிடும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவள் கை அப்படியே நின்றது. அவன் தானாக வாய் திறந்து எத்தனை நாளாயிற்று என்று யோசிக்கக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை. ஒன்றும் நடக்காததுபோல் ஜன்னலருகே போய், குழாய் ஜில்லென்றுதான் இருக்கிறது என்றாள்.

"தடிச்சதா, மெல்லிசா?"

"தடிச்சது. தண்ணி பூத்திருக்கு."

அவன் முகத்தைச் சுவரிலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பினான். பிறகு, சக்கர நாற்காலியைக் கொண்டு வா என்றான். வெயிலாக இருக்கிறதே என்று இழுத்தாள்.

"துண்டை நனைச்சு எடுத்துட்டு வாக்கா. சும்மா நிக்காத."

காரின் முன் இருக்கைக்கு அவனை மாற்றுவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. கட்டிலுக்கு அடியில் கிடந்த கருவிப் பெட்டியை ஓடிப்போய் எடுத்து வந்தாள். இருக்கைக்கு முன்னால் டேஷ்போர்டில் சாமான் வைக்கும் சின்னப் பெட்டியை அவன் கழற்றினான். விரல்கள் முதலில் தடுமாறின; ஒரு திருகாணி கைநழுவிக் கீழே விழ, அவன் பல்லைக் கடித்தான். அவள் எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோது, விடு, வேற ஒண்ணு இருக்கு என்றான். உள்ளே உள்ளங்கை அளவு வெள்ளை மோட்டார் ஒன்று. சூட்டுக் காற்றையும் குளிர்க் காற்றையும் கலக்கும் சின்னக் கதவை அதுதான் திருப்ப வேண்டும். அதன் பற்சக்கரத்தில் சில பற்கள் மொட்டையாகியிருந்தன. பல் பிடித்தால் குளிரும். நழுவினால் கதவு சூட்டுப் பக்கம் சாய்ந்துவிடும். கூட்டாளி ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் பல் பிடித்திருந்தது, அதனால்தான் எல்லாம் சரியாகத் தெரிந்தது.

மோட்டாரைக் கழற்றிவிட்டு, கதவின் தண்டைக் கையாலேயே குளிர்ப் பக்கம் திருப்பி வைத்தான். காற்று மெல்ல மாறியது. முதலில் வெதுவெதுப்பு, பிறகு சில்லிப்பு. அவன் முகத்தை அதற்கு நேரே வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். அவள் ஈரத்துண்டோடு வெளியே நின்றாள். அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, தொடவில்லை.

"கதவைச் சாத்துக்கா. குளிரெல்லாம் வெளிய போகுது" என்றான்.

அடுத்த வாரம் கூட்டாளி புது மோட்டாருடன் வந்தான். மாட்டியது தம்பிதான். பயிற்சியும் மறுபடி தொடங்கியது. அதன்பிறகு அவன் ஒரேயடியாக மாறிவிட்டான் என்று சொல்ல முடியாது. சில நாள் காலையில் பட்டறைக்குக் கொண்டுபோய் விடச் சொல்வான். சில நாள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். போகிற நாட்களில் அவளுக்கு வேறு கவலை. ரத்தம் எடுக்கும் வீட்டு வாசலிலெல்லாம் நின்று போன் போடுவாள். தண்ணீர் குடித்தானா, விசிறி ஓடுகிறதா, நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறானா என்று கேட்பாள்.

ஒருநாள் கூட்டாளி போனை எடுத்தான். பின்னால் யாரையோ தம்பி அதட்டும் சத்தம் கேட்டது.

"அவன் நல்லாத்தான் இருக்கான்க்கா. நாங்கதான் சரியில்ல" என்றான் கூட்டாளி.

அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அடுத்த வீட்டின் அழைப்பு மணியை அழுத்தியபோது, சாயங்காலம் அவன் வண்டியில் ஏறும்போது எவ்வளவு களைத்திருப்பானோ என்ற கவலை அதற்குள் தொடங்கியிருந்தது.