நாலு நகல் தூரம்

கரண்டியைத் தூக்குகிறார், இறக்குகிறார், மறுபடி தூக்குகிறார். மேசைமேல் இருக்கும் சின்னக் கேமரா கரண்டியைப் பார்க்கிறது. கேமரா பார்ப்பதை எதிரே உள்ள திரை காட்டுகிறது. கரண்டியையும் திரையையும் ஒருசேரக் கைப்பேசியில் படம்பிடித்து, அதை ஆமை வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார் அக்கா. நிஜக் கரண்டி மேசையைத் தொட்டுவிட்டது. திரையில் இருக்கும் கரண்டி இன்னும் அந்தரத்தில் நிற்கிறது. "இவருக்கு இன்னும் சேதி போய்ச் சேரல," என்கிறார், திரையைக் காட்டி.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர், அக்கா கரண்டியை ஆட்டுவதைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, பேயோட்டுகிறாரா என்று பக்கத்து மேசையில் கேட்டார். அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. "பேயா இருந்தா ஓட்டிரலாம்பா. இது மனுசன் எழுதுனது. அவ்வளவு சுலபமா போகாது."

அலுவலகத்தில் அவருக்குக் கத்திரி அக்கா என்று பெயர். மற்ற நிரலாளர்கள் எழுதிச் சேர்ப்பார்கள், இவர் வெட்டுவார். பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். குளிர்சாதனத்துக்காகக் கோடையிலும் முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டை. நரைக்குச் சாயம் பூசுவதில்லை. காலண்டரில் ராகுகாலம் பார்த்து யாராவது வேலையைத் தள்ளிப்போட்டால், அவர்கள் எதிரிலேயே அந்தத் தாளைக் கிழித்துக் கண்ணாடி துடைப்பார்.

ஒன்றை இன்னொன்றில் மாற்றி ஊற்றுவது அவருக்கு ஆகவே ஆகாது. வீட்டில் சமைத்த சட்டியிலேயே சாப்பிடுவார். "சட்டியில சாப்பிட்டா கல்யாணத்தன்னிக்கு மழை பெய்யும்," என்று கணவர் கிண்டல் செய்தால், "அதான் ஆகித் தொலைஞ்சாச்சே. இனிமே பெஞ்சா கூரை ஒழுகுதான்னு பாருங்க," என்பார். மாமியார் ஒன்றைச் சொல்லி, கணவர் அதைச் சுமந்து வந்தால் பாதியிலேயே நிறுத்துவார். "அவங்க பக்கத்து ரூம்ல தான இருக்காங்க? நானே போய்க் கேட்டுக்கறேன். உங்க வாய் வழியா வந்தா ஆறிப்போயிடும்."

வேலையும் இதேதான். கணினிக்குள் வாடகைக்குக் குடியிருக்கும் இன்னொரு கணினி உண்டு. மெய்நிகர் கணினி என்று அதற்குப் பெயர். பழைய மென்பொருள் புதிய கணினியில் ஓடாதபோது, உள்ளே ஒரு பொய்யான பழைய கணினியைக் கட்டி அதில் ஓட்டுவார்கள். அந்தக் குடித்தனக்காரன் தனக்கு ஒரு திரை இருப்பதாக நம்பி நினைவகத்தில் படம் வரைகிறான். வீட்டுக்காரன் அதை நகல் எடுத்துத் தன் இடத்தில் வைக்கிறான். அங்கிருந்து திரையில் திறந்திருக்கும் சன்னலுக்கு ஒரு நகல், சன்னலிலிருந்து திரையை ஓட்டும் அட்டைக்கு ஒரு நகல். "ஒரு குடத்துத் தண்ணிய மூணு குடத்துக்கு மாத்தி மாத்தி ஊத்துனா தண்ணி கூடுமா? கைதான் வலிக்கும்," என்பார் அக்கா. அந்தக் குடங்களை ஒழிப்பதுதான் அவர் பிழைப்பு.

அவருடைய நிறுவனம் ஒரு சரக்கு முனையத்துக்குத் திரைகளைச் செய்து கொடுத்திருந்தது. அங்கே கிரேன் ஓட்டுகிறவர் கிரேன்மேல் உட்காருவதில்லை. முற்றத்துக்கு அப்பால், சன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, கேமராக்கள் அனுப்பும் படத்தைப் பார்த்தபடி கைப்பிடியை அசைப்பார். வீடு அளவு சரக்குப் பெட்டி ஒன்று அங்கே எழும்பும், இறங்கும். கிரேனின் மென்பொருள் பழசு. ஆகவே அவர் பார்க்கும் படமெல்லாம் குடித்தனக்காரன் கைபட்டுத்தான் வரும்.

முதலில் படம் கிழிந்தது. பாதி வரையும்போதே வீட்டுக்காரன் எடுத்துவிடுவதால், மேல்பாதியில் புதிய காட்சியும் கீழ்ப்பாதியில் பழைய காட்சியுமாகத் தெரிந்தது. ஓட்டுநர்கள் குறை சொன்னார்கள். வரைந்து முடிந்ததும் குடித்தனக்காரன் குரல் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகே வீட்டுக்காரன் தொட வேண்டும் என்று முறையாகச் செய்ய நாளாகும். மேலாளருக்கு அவசரம். இடையில் இன்னொரு நகல் எடுத்துப் பத்திரமாக வைத்துக் காட்டச் சொன்னார். நாலாவது குடம். படம் கிழியவில்லை. பட்டுப்போல வழுக்கிக்கொண்டு வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா மட்டும் கரண்டியை எடுத்துக்கொண்டு முனையத்துக்குப் போனார். ஒரு கேமரா ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. எல்லாக் கேமராக்களையும் திறந்தால் நகல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசைகட்டி நின்றன. படம் அழகாக, தெளிவாக, தாமதமாக வந்தது. திரும்பி வந்து மேலாளரிடம் சொன்னார்.

"கிழிஞ்ச படம் பரவால்ல. அது கிழிஞ்சிருக்குன்னு பாக்கறவனுக்குத் தெரியும். இது பொய் சொல்லுது. அழகா சொல்லுது."

"படம் நல்லாத்தான வருது மேடம்? ஓடற வண்டில எதுக்குக் கை வைக்கணும்?"

காரியம் ஆக வேண்டுமானால் அந்த மேலாளர் 'அக்கா' என்பார். காரியம் இல்லாவிட்டால் 'மேடம்'.

முற்றத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றி மேலாளர் அறையில் யாரும் பேசவில்லை. அவர்கள் ஒப்பந்தக் கூலிகள். பெட்டியை ஓர் ஆள் உயரத்துக்குமேல் தூக்கியதும் அதன் அடிப் பூட்டுகளைக் கழற்றிவிட்டு விலகுவது அவர்கள் வேலை. ஓட்டுநரோடு பேச வாக்கி டாக்கி கேட்டார்கள். "கை இருக்குல்ல, காட்டுங்க," என்று பதில் வந்தது. கையைக் காட்டியே வேலை செய்தார்கள்.

ஒரு நாள் பூட்டு கழற்றுகிறவர் ஒருவர், சிக்கிக்கொண்ட பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பெட்டி இறங்கத் தொடங்கியது. கையைத் தூக்கினார். பெட்டி நிற்கவில்லை. நின்றபோது அவர் அதற்குக் கீழே இருந்தார்.

ஓட்டுநரைக் கழுகு என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு கூர்மையான கண். "அவன் கையத் தூக்குனத பாத்தேன். பாத்தவுடனே இழுத்துட்டேன்," என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். யாரும் நம்பவில்லை. முற்றத்துக் கேமராவின் பதிவில், கை எழுந்த பிறகும் பெட்டி இறங்கியது வெட்டவெளிச்சமாக இருந்தது. கழுகை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். விசாரணையில் அவர் கவனக்குறைவு உறுதியானால் சிறை. வாசலில் நிறுவனம் ஒட்டிய தாளில் 'எதிர்பாராத விபத்து' என்றிருந்தது. எதிர்பார்த்து வாய் வலிக்கச் சொன்ன அக்கா அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றார்.

அன்று வீட்டில் கணவர் ஆறுதலாகத்தான் சொன்னார். "பாவம். அந்த ஆளு நேரம் அவ்வளவுதான்."

"நேரம்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் அளந்தேன்."

"இல்ல, விதின்னு சொல்ல வந்தேன்."

"விதிய எழுதுனவன் எங்க ஆபீஸ்லதான் உக்காந்திருக்கான். சாயங்காலமானா டீ குடிக்க என்னையும் கூப்பிடுவான்."

அக்கா சட்டியைப் பாதியிலேயே மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் மேலாளர் அவர் மேசைக்கே வந்தார். "அக்கா, நீங்க சொன்னத செஞ்சிரலாம். எல்லா நகலையும் எடுத்துருங்க. எவ்வளவு சீக்கிரம் முடியும்?"

உயிர் போன பிறகு வந்த அனுமதி. ஆனாலும் அடுத்த உயிர் ஒன்று இருக்கிறதே. அக்கா உட்கார்ந்தார். குடித்தனக்காரன் வரையும் நினைவகப் பக்கங்களையே வீட்டுக்காரனுக்கும் அட்டைக்கும் திறந்துவிட்டார். படத்தை யாரும் எங்கும் தூக்கிக்கொண்டு போகவில்லை. இருக்கும் இடத்திலேயே எல்லோரும் பார்த்தார்கள். வரைந்ததும் ஒரு குரல், பார்த்து முடித்ததும் ஒரு குரல். கரண்டியை இறக்கினால் திரையிலும் கரண்டி கூடவே இறங்கியது. அவர் வாழ்க்கையில் செய்த ஆகச் சிறந்த வேலை அது. செய்து முடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

விசாரணை கிரேன் அறையிலேயே நடந்தது. திரைகளை இயக்கிக் காட்ட அக்காவை அழைத்திருந்தார்கள். விசாரணை அதிகாரி ஓட்டுநர் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுகு சுவரோரம், ஒரு நாற்காலியின் நுனியில். அழுக்கில்லாத சட்டை போட்டு வந்திருந்தார். சட்டைதான் அவரைவிடப் பெரிதாக இருந்தது.

மேலாளர் மேசைமேல் ஒரு கேமராவை வைத்தார். "சார், இத பாத்து நீங்களே கைய ஆட்டிப் பாருங்க."

அதிகாரி ஆட்டினார். திரையில் கை ஆடியது. வேகமாக ஆட்டினார். கூடவே ஆடியது.

"கண்ணாடி பாக்கற மாதிரி இருக்கே," என்றார் அதிகாரி.

"அதான் சார். மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல."

கழுகு எழுந்து நின்றார். "அன்னிக்கு இப்படி இல்ல சார்."

"அன்னிக்கு நீ எப்படி இருந்த? அதச் சொல்லு முதல்ல. தூங்குனியா, போன் பாத்தியா?" என்று கேட்டார் அதிகாரி.

கழுகு உட்கார்ந்துவிட்டார். தன் கண்களையே அவர் நம்பாமல் போனது போலிருந்தது.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு அவசரமாக அனுமதி வந்தது எதற்கு என்று புரிந்தது. அடுத்த உயிருக்காக இல்லை. அவர் ராப்பகலாக உட்கார்ந்து வெட்டி எறிந்தது குற்றத்தின் தடயத்தை. அவருடைய ஆகச் சிறந்த வேலை, ஒரு நிரபராதிக்குப் பூட்டு செய்து கொடுத்திருந்தது.

"சார், அன்னிக்கு இங்க ஓடுனது இது இல்ல," என்றார். "இது நான் அதுக்கப்புறம் மாத்துனது. பழசு இருக்கு. ஏத்திக் காட்டறேன்."

மேலாளர் சிரிக்க முயன்றார். "மேடம், அதெல்லாம் தேவையில்ல."

"தேவையில்லாததுதான் நாலு இருந்துச்சு. அதத்தான் காட்டப் போறேன்."

"அக்கா." குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு நீங்க அந்த ஆபீஸ்லதான் வந்து உக்காரணும். யோசிச்சுக்கோங்க."

"யோசிக்கறதுக்குத்தான எனக்குச் சம்பளம்? நீங்க நகருங்க, ஒயர் அந்தப் பக்கம் இருக்கு."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பழச வச்சிருக்கீங்களா? அழிக்கலையா?"

"எங்க தொழில்ல எதையும் அழிக்கறதில்ல சார். யாரு எத எப்ப சேத்தாங்கன்னு எல்லாம் அடுக்கடுக்கா கெடக்கும். புதுச விலக்குனா பழசு எந்திரிச்சு வந்துரும்."

அதிகாரி தலையசைத்தார். அக்கா தட்டத் தொடங்கினார். தான் அறுத்த ஒவ்வொரு நகலையும் தன் கையாலேயே திரும்ப ஒட்டினார். அன்று திறந்திருந்ததுபோல எல்லாக் கேமராக்களையும் திறந்தார். திரைகளில் முற்றம் விரிந்தது. வெயில், தார், ஓர் ஆள் உயரத்துக்குமேல் தொங்கும் இரும்புப் பெட்டி. பட்டுப்போல வழுக்கிக்கொண்டு வந்தது படம்.

"இப்பவும் நல்லாத்தான இருக்கு?" என்றார் அதிகாரி.

"நல்லாத்தான் இருக்கும். அங்க ஒருத்தர் போய் நிக்கணும் சார். அவர் நின்ன எடத்துல. கையில வாக்கி டாக்கியோட."

"யாரு நிப்பா?" அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை மேலாளரிடம் வந்து நின்றது. "நீங்களே போங்களேன். கைய மேல தூக்கும்போது 'நிறுத்து'ன்னு சொல்லுங்க. ஒரே நேரத்துல. உங்க மெஷின்தான, உங்களுக்கு என்ன பயம்?"

கிரேனின் மின்சாரத்தை அணைத்து, சாவியை அதிகாரியே பையில் போட்டுக்கொண்டார். கழுகை வரச்சொல்லி ஓட்டுநர் நாற்காலியில் உட்காரவைத்தார். அவருக்குப் பழகிய உயரத்தில் இருந்தது நாற்காலி. கைகள் தாமாகப் போய்க் கைப்பிடிகளில் அமர்ந்தன. அக்கா பக்கத்தில் நின்றார்.

திரையில் மேலாளர் நடந்து வந்தார். பளபளப்பான செருப்பு. பெட்டிக்கு அடியில் வந்ததும் நின்று, அண்ணாந்து பார்த்தார். கிரேனுக்கு உயிர் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தோள்களைக் குறுக்கிக்கொண்டார். அவரிடம் வாக்கி டாக்கி இருந்தது. அதைக் கேட்டுக் கிடைக்காமல் போனவரின் நினைவு அக்காவுக்கு வந்தது. அந்த மனிதரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"ரெடியா?" என்றார் அதிகாரி.

"ரெடி சார்."

திரையில் மேலாளர் கையைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தார்.

"நிறுத்து," என்றது வாக்கி டாக்கி.

திரையில் கை எழவில்லை.

தொடையோரம் அப்படியே தொங்கியது. வாய் மூடியிருந்தது. வார்த்தை அறைக்குள் வந்து விழுந்து, அதிகாரி நிமிர்ந்து, திரையைப் பார்த்து, வாக்கி டாக்கியைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்த பிறகு அந்தக் கை எழுந்தது. நிதானமாக, அழகாக, ஒரு கிழிசலும் இல்லாமல்.

கை எழுந்த அதே கணம் கழுகு கைப்பிடியை இழுத்துவிட்டார். உயிரில்லாத கைப்பிடி கடகடவென்று பின்னால் போய் முட்டியது. அவர் விடவில்லை. முட்டிய பிறகும் இழுத்துக்கொண்டிருந்தார். கண் திரையிலேயே இருந்தது.

வாக்கி டாக்கியில் மேலாளரின் குரல், "சார், போதுமா? வந்துரட்டுமா?" என்று கேட்டது.

அக்கா குனிந்து கழுகின் கைமேல் தன் கையை வைத்தார். பிறகு, இறுகியிருந்த அந்த விரல்களை, ஒவ்வொன்றாக, கைப்பிடியிலிருந்து பிரித்து எடுக்கத் தொடங்கினார்.