அல்சீடின் காரும் வறுவல் எண்ணெயும்

மத்தான் ஊரில் பனி விழுந்தால் அதை உருக்கச் சாலையெங்கும் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு கார்களின் அடிவயிற்றை அரித்துத் தின்றுவிடும். காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற அல்சீட் ஃபூர்னியேவுக்கு இந்த உப்போடு சண்டை போடுவதே முழுநேர உத்தியோகமாகிவிட்டது. தேவாலய வாசலில் யாருடைய கார் நின்றாலும் குனிந்து அடியைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். துக்கத்துக்கு வந்தவர்களின் கார்களையும் அவர் விட்டுவைத்ததில்லை.

அக்டோபர் பிறந்ததும் ஊரே நோர்மானின் கராஜில் வரிசை கட்டி, காருக்கு அடியில் துருவைத் தடுக்கும் எண்ணெயை அடித்துக்கொள்ளும். அல்சீடுக்கு அது கௌரவக் குறைச்சல்.

"அவன் தண்ணியக் கலந்து அடிக்கிறான்" என்பார். பார்த்தாயா என்று கேட்டால், "பாத்துதான் தெரியணுமா?" என்பார்.

அந்த வருஷம் அவரே ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். மரம் அறுக்கும் ரம்பத்துக்கு ஊற்றும் எண்ணெய் கொஞ்சம். மீதியெல்லாம், அவர் மனைவி ஜினெத்தின் தம்பி ரோசேர் தன் வறுவல் கடையில் வடித்து வைத்திருந்த பழைய எண்ணெய்.

"மச்சான், அதுலதான் உப்பு மீனெல்லாம் பொரிச்சேன்" என்றார் ரோசேர். "உப்புக்குப் பயந்து உப்பையே எடுத்துப் பூசப் போறியா?"

"நீ உருளைக்கிழங்கப் பாரு. கார நான் பாத்துக்கறேன்."

ஒரு நாள் முழுக்கக் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து பீய்ச்சினார். தலைமுடியிலும் ஒரு காதிலும் போனது போக மிச்சம் காரில் ஒட்டியது. தெருவே வறுவல் கடை மாதிரி மணத்தது.

"பக்கத்து வீட்டுக்காரங்க தட்டோட வரப் போறாங்க" என்றாள் ஜினெத்.

தட்டு இல்லாமலே விருந்தாளி வந்தது. மறுவாரம் சாயங்காலங்களில் கார் நிற்கும் கொட்டகையில் கறுக் கறுக் என்று சத்தம்.

"கேக்குதா? எதுவோ கடிக்குது."

"எண்ணெய் இரும்புல ஊறுது, ஜினெத். நல்ல எண்ணெய்னா அப்படித்தான் ஊறும்."

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்பட்டார்கள். தேவாலயத்துக்கு இறங்கும் சரிவில் அல்சீட் பிரேக்கை மிதித்தார். கால் தரை வரைக்கும் போனது, கார் நிற்கவில்லை. அவர் மேலும் மேலும் மிதித்துக்கொண்டே மாதாவைக் கூப்பிட்டார். ஜினெத் மாதாவுக்குக் காத்திராமல் கைபிரேக்கை இழுத்தாள். பாதிரியார் வீட்டு வேலிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கார் நின்றது. பூசைக்கு வந்த கூட்டம் மொத்தமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

மறுநாள் நோர்மான் காரை மேலே தூக்கினார். பிரேக் டியூப்கள் கடித்துக் குதறப்பட்டிருந்தன. இடுக்கில் செருகிக் கிடந்த ஒரு முள்ளைக் குறடால் இழுத்து ஜினெத்திடம் காட்டினார்.

"முள்ளம்பன்றி. உப்புன்னா உசிரையே விடும். இவரு விருந்தே வெச்சிருக்காரு."

அல்சீட் கழுத்தை நீட்டி அடியைப் பார்த்தார். "அது கெடக்கட்டும். ஒரு பொட்டு துரு இருக்கா சொல்லு."

"பூசி ரெண்டு வாரம்கூட ஆகல, அல்சீட். பூசாமலே விட்டிருந்தாலும் இருந்திருக்காது."

ஜினெத் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு நோர்மானிடம் திரும்பினாள். "எல்லாத்தையும் கழுவிட்டு உங்க எண்ணெயவே அடிங்க. இனிமே நான்தான் ஓட்டப் போறேன்."

அல்சீட் கோபித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். வழியில் விசாரித்தவர்களிடமெல்லாம் ஒரே பதில்தான்: "நோர்மான் அடிச்ச காரு எதையாவது ஒரு மிருகம் மோந்து பாத்திருக்கா?"